வண்டி திரும்பும்போது வரும் சத்தம்

ஸ்டெடியின் வண்டியில் சத்தம் வருகிறது என்று முதலில் சொன்னது அவர் மனைவிதான். அதனாலேயே அவர் அதை நம்பவில்லை.

ஸ்டெடி என்பது அப்பா அம்மா வைத்த பெயர் இல்லை. வாடகைக் கார் ஓட்ட வந்த புதிதில், ஒரு பெரியவர் மடியில் மீன்தொட்டியோடு ஏறி ஊரின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை வந்தார். இறங்கும்போது பார்த்தால் வேட்டியில் சொட்டு ஈரமில்லை. "ஸ்டெடியா ஓட்டுறியேப்பா" என்று அவர் சொன்னதை ஸ்டாண்டில் நின்ற மற்ற டிரைவர்கள் பிடித்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து கட்டின பெண்டாட்டியைத் தவிர எல்லோருக்கும் அவர் ஸ்டெடிதான்.

அன்று காய்கறி வாங்கிக்கொண்டு இருவரும் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். பெட்ரோல் பங்க்கைத் தாண்டி வண்டியை இடதுபக்கச் சந்துக்குள் ஒடித்தபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி அவர் கையைத் தொட்டாள்.

"என்னங்க, அது என்ன சத்தம்?"

"எது?"

"டக்கு டக்கு டக்குன்னு. திரும்பும்போது வந்துச்சே."

"பின்னாடி உருளைக்கிழங்கு உருண்டிருக்கும்."

"உருளைக்கிழங்கு என் மடியில இருக்கு."

அவர் வண்டியைப் பின்னால் எடுத்து மறுபடி அதே சந்துக்குள் வளைத்தார். அவள் ஒரு விரலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இதோ... இதோ வருது. கேக்குதா?"

இன்ஜின் கேட்டது. வைப்பர் கண்ணாடியில் இழுபடுவது கேட்டது. மற்றபடி ஒன்றுமில்லை.

"உனக்கு மட்டும் எங்கேர்ந்து வருது இதெல்லாம்? நான் எத்தனை வருஷமா இந்த ஸ்டீயரிங்கப் பிடிச்சிட்டிருக்கேன்!"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பி ஏதோ முனகினாள். என்னவென்று அவருக்குப் புரியவில்லை. கேட்டால் சண்டை வரும் என்று கேட்கவில்லை.

கொஞ்ச காலமாகவே வீட்டில் அப்படித்தான். அவள் பேச்சு சுருங்கிவிட்டது என்பது அவருடைய கட்சி. வாய்க்குள்ளேயே பேசுகிறாள். பாதி வார்த்தையை முழுங்குகிறாள். முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்பிடம் ஏதோ சொல்கிறாள். என்ன என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, விடுங்க" என்கிறாள். ஒரே பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய வெறுமையாக இருக்கும் என்று முதலில் நினைத்தார். பிறகு, தன்மீது எதையோ மனசில் வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று முடிவுகட்டினார். என்னவென்றுதான் தெரியவில்லை. பெண் போனில் பேசினால்கூட இரைச்சலும் குழப்பமுமாக இருந்தது. போன் சரியில்லை என்று புது போன் வாங்கினார். அதுவும் அதேபோல்தான் இருந்தது. இப்போதெல்லாம் எதையும் ஒழுங்காகச் செய்வதில்லை என்று போன் கம்பெனிக்காரனைத் திட்டினார்.

வண்டியில் கோளாறே இல்லை என்று அவர் சொல்லவில்லை. அவருக்கும் ஒன்று தட்டுப்பட்டிருந்தது. சிக்னலில் நின்று கிளம்பி ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது வண்டி லேசாக உதறியது. சீட்டுக்கு அடியிலிருந்து இடுப்பு வழியாக ஏறி, ஸ்டீயரிங்கில் விரல் நுனிவரை வந்தது அந்த உதறல். காலை விட்டால் நின்றுவிடும். ரிவர்ஸிலிருந்து முன் கியருக்கு மாற்றும்போது உள்ளங்காலில் யாரோ முட்டியது போல ஒரு இடி. இதை அவர் மனைவியிடம் சொன்னார்.

"உதறுதா? எனக்கொண்ணும் தெரியலையே."

"உனக்கு எப்படித் தெரியும்? நீதான் இல்லாத சத்தத்தைக் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கியே."

"நீங்க இல்லாத உதறலுக்கு உதறிக்கிட்டு உக்காந்திருங்க."

ஒரே வண்டி. ஆளுக்கொரு நோய் சொன்னார்கள். வண்டி வாய் திறந்து சொல்லவா போகிறது?

அந்த வாரம் மழை விடவே இல்லை. அவருடைய நிலையான சவாரிகளில் பல் டாக்டரம்மா ஒருவர். காலையில் கிளினிக்கில் விட்டு, சாயங்காலம் கூட்டிவர வேண்டும். டாக்டரம்மா பின்சீட்டில் செல்போனைப் பார்த்துக்கொண்டே வருவார், பேச மாட்டார். ஆனால் அன்று கிளினிக் வாசலில் வண்டியை வட்டமடித்துத் திருப்பியபோது, முன்னால் குனிந்து, "அண்ணே, வண்டிய யார்கிட்டயாவது காட்டுங்களேன்" என்றார்.

"ஏம்மா?"

"திரும்பும்போது பல்லை நறநறன்னு கடிக்கிற மாதிரி இருக்கு. என்கிட்ட வர்றவங்கள்ல பாதிப்பேர் தூக்கத்துல இப்படித்தான் கடிக்கிறாங்க. வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே எனக்கு அதே சத்தமா?"

அவர் சிரித்து வைத்தார். டாக்டரம்மா குடையை விரித்துக்கொண்டு உள்ளே போன பிறகும் வண்டியை எடுக்கவில்லை. இவருக்கு யார் சொன்னது? போன வாரம் மனைவி பல்வலி என்று இங்கே வந்தாளே. அப்போது இதைப் பற்றி ஏதாவது பேசியிருப்பாளோ? தன் வண்டியைப் பற்றி ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாளோ? பிறகு, அவள் ஏன் அப்படிச் செய்யப் போகிறாள் என்றும் தோன்றியது. காலியாகக் கிடந்த அந்த வாசலில் ஸ்டீயரிங்கைக் கடைசிவரை ஒடித்து வண்டியை மெதுவாகச் சுற்றினார். கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார். மழை காதுக்குள் விழுந்தது. இன்னொரு சுற்று. வாசலில் நின்ற காவலாளி, இந்த ஆளுக்கு என்ன ஆயிற்று என்பதுபோலப் பார்த்தார்.

மறுநாள் மனைவியையும் ஏற்றிக்கொண்டு மச்சினன் ஷெட்டுக்குப் போனார். மனைவியின் தம்பி. கார் மெக்கானிக். ஊரின் கடைசியில் தகரக் கூரை போட்ட ஷெட், நடுவில் ஒரு பள்ளம், சுவரெல்லாம் எண்ணெய்க் கை பதிந்த தடம். மச்சினன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தான்.

"வாங்க மாமா. வாக்கா. என்ன ரெண்டு பேரும் சேர்ந்து? வண்டிக்குக் கோளாறா, உங்களுக்கா?"

"உன் அக்காவுக்குச் சத்தம் கேக்குதாம்."

"உன் மாமாவுக்கு உதறுதாம்."

"சரி, ஒவ்வொருத்தரா சொல்லுங்க. அக்கா, சத்தம் எப்போ வருது? நேரா போகும்போதா, திரும்பும்போதா?"

"திரும்பும்போது மட்டும்தான்டா. இறுக்கமா திரும்புனா நிறைய."

"மாமா, உதறல் எப்போ?"

"மிதிச்சா வருது. விட்டா போயிடுது."

மச்சினனின் முகம் மாறியது. சாவியை வாங்கிக்கொண்டு அவனே ஓட்டினான். அவர் பக்கத்தில், அவள் பின்னால். ஷெட்டுக்கு முன்னால் கிடந்த சேற்று வெளியில் வண்டியை முழுக்க ஒடித்து, கொஞ்சம் வேகம் கொடுத்து வட்டமடித்தான்.

"ஆஹா!" என்றான். "கேட்டியாக்கா?"

"இதான்டா! இதைத்தான் நான் தலையால அடிச்சுக்கிட்டேன்!"

"கேக்குதா மாமா?"

அவர் மச்சினன் முகத்தைப் பார்த்தார். கண்ணாடியில் மனைவியின் முகத்தைப் பார்த்தார். இரண்டு முகத்திலும் ஏதோ ஒன்று கேட்டுக்கொண்டிருந்தது. அவர் காதில் இன்ஜினின் உறுமல் மட்டும் நிறைந்து நின்றது.

"ம்... கேக்குது, கேக்குது," என்றார்.

ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை. வாய் முந்திக்கொண்டது. சொன்னபிறகு, கேட்டதோ என்று ஒரு சந்தேகமும் வந்தது.

வண்டியைப் பள்ளத்தின்மேல் நிறுத்தி மச்சினன் கீழே இறங்கி டார்ச் அடித்தான். இருவரையும் குனிந்து பார்க்கச் சொன்னான். இடது முன்சக்கரத்தின் உட்புறமெல்லாம் யாரோ கரும்பசையை வாரி இறைத்தது போல இருந்தது.

"பாருங்க. இன்ஜின் சுத்துறத சக்கரத்துக்குக் கொண்டுபோற தண்டுதான் இது. ஆக்ஸில். ரெண்டு முனையிலயும் ஜாயின்ட் இருக்கு. சக்கரம் திரும்பணும், குழியில ஏறி இறங்கணும், ஆனா சுத்துறது நிக்கக் கூடாது. நம்ம தோள்மூட்டு மாதிரின்னு வெச்சுக்கோங்க. இந்த மடிப்பு மடிப்பா இருக்கே, இந்த ரப்பர் உறைதான் கிரீஸ வெளிய விடாமப் பிடிச்சு வெச்சிருக்கும். அது கிழிஞ்சிருக்கு. கிரீஸ் எல்லாம் தெறிச்சுப் போச்சு. அது இருந்த இடத்துல மண்ணும் தண்ணியும் போயி, உள்ள இருக்குற குண்டெல்லாம் தேய்ஞ்சு போச்சு. அதான் திரும்பும்போது டக்கு டக்குங்குது."

"அப்போ என் உதறல்?"

மச்சினன் வலதுபக்கம் போய் ஆக்ஸிலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினான். ஆடக் கூடாத அளவுக்கு ஆடியது.

"இது உள்பக்க ஜாயின்ட். இது தேய்ஞ்சா மிதிக்கும்போது உதறும், கியர் மாத்துனா இடிக்கும். ரெண்டு பேர் சொன்னதும் சரிதான். மாமா, இதை இனிமே ஓட்டாதீங்க. ஜாயின்ட் விட்டுச்சுன்னா இன்ஜின் மட்டும் உறுமும், சக்கரம் சுத்தாது. நடுரோட்டுல நின்னுடுவீங்க. மேட்டுல நின்னா பின்னாடி உருளும். பொருள் வரவழைக்கிறேன், வண்டிய விட்டுட்டுப் போங்க."

மனைவி ஜெயித்த முகத்தோடு அவரைப் பார்ப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் பார்க்கவில்லை. கரும்பசை படிந்த சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அவரை இன்னும் குழப்பியது.

வண்டி இல்லாமல் வீட்டில் இருப்பது அவருக்குப் பழக்கமில்லாத வேலை. ஜன்னலருகே நாற்காலியைப் போட்டு, தெருமுனையில் திரும்பும் வண்டிகளைக் கவனித்தார். எதிலாவது அந்தச் சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அப்படிக் கவனித்தபோதுதான் ஒன்று தெரிந்தது. தெரு முன்புபோல் இல்லை. சைக்கிள்கள் மணி அடிக்காமலே போயின. எதிர்வீட்டுக் குழந்தைகள் வாயைத் திறந்து கத்துவது தெரிந்தது, ஆனால் கம்பளியைப் போர்த்தியது போல மொத்தையாகத்தான் கேட்டது. மழையால் இருக்கும் என்று நினைத்தார். திரும்பிப் பார்த்தால், மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகச் சொல்கிறாள்?

"என்ன சொன்ன?"

"ரொட்டிக்கு முட்டை வேகவைக்கவா, பொரிக்கவான்னு கேட்டேன். அப்புறம் நானே வேகவெச்சுட்டேன்."

மழை விட்ட ஒரு மத்தியானம், வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று பார்க்க ஷெட்டுக்கு நடந்தார். மச்சினன் சாப்பிடப் போயிருந்தான். வண்டி பள்ளத்திலிருந்து இறங்கி வெளியே, கழுவித் துடைத்து நின்றது. குனிந்து பார்த்தார். சக்கரத்தில் கரும்பசை இல்லை. முடிந்துவிட்டது. சாவி வண்டியிலேயே இருந்தது. அவருக்குச் சின்னப்பிள்ளை போலச் சந்தோஷம் வந்தது. ஏறி உட்கார்ந்து வெளியில் ஒரு வட்டம், எதிர்ப்பக்கமாக ஒரு வட்டம். உதறலை அறிய அவ்வளவு வேகம் கொடுக்க இடமில்லை. மற்றபடி கச்சிதம்.

இறங்கியபோது மச்சினன் மூச்சிரைக்க, வாயில் எதையோ மென்றுகொண்டு நின்றிருந்தான்.

"பிரமாதம்டா மாப்பிள்ளை! சத்தம் சுத்தமாப் போயிடுச்சு. புது வண்டி மாதிரி இருக்கு."

மச்சினன் மெல்லுவதை நிறுத்தினான்.

"என்ன மாமா சொல்றீங்க?"

"சத்தம் போயிடுச்சுன்னேன்."

"மாமா... இன்னும் மாத்தவே இல்ல. வந்த பொருள் அளவு தப்பு. திருப்பி அனுப்பியிருக்கேன். பள்ளம் வேற வண்டிக்கு வேணும்னு பழசையே துடைச்சு மாட்டி வெளிய தள்ளியிருக்கேன். நீங்க வட்டமடிச்சப்போ ரோட்டுல வர்றப்பவே எனக்குக் கேட்டுச்சு."

அவர் வண்டியைப் பார்த்தார். பிறகு மச்சினனை.

"விளையாடாதடா."

"உங்ககிட்ட எதுக்கு மாமா விளையாடுறேன்? ஜாயின்ட் போயிடும்னு பயந்து, நிறுத்துங்க நிறுத்துங்கன்னு பின்னாலயே கத்திக்கிட்டு ஓடிவந்தேன். நீங்க திரும்பிக்கூடப் பாக்கல."

"நான் கவனிக்கல. வேலைய ஒழுங்காப் பண்ணத் தெரியல, பேச வந்துட்டான்," என்று அவர் குரலை உயர்த்தினார். மச்சினன் தரையைப் பார்த்தான். அவன் ஏதாவது திருப்பிச் சொல்லியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு எந்த வழியாகப் போனார் என்று பிறகு யோசித்தால் ஞாபகம் வரவில்லை. எங்கோ ஒரு திருப்பத்தில் அவர் சட்டையை உரசிக்கொண்டு ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. ஹெல்மெட்டுக்குள் ஒரு வாய் திறந்து திறந்து மூடியது. அந்த மனிதன் ஹார்ன் பொத்தானைக் காட்டி, தன் காதைக் காட்டி, கையை விரித்தான். அவர் அவனைக் கும்பிட்டார். ஏன் கும்பிட்டார் என்பதும் தெரியவில்லை.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் எதிரே போய், தரையிலேயே உட்கார்ந்தார்.

"இந்தா, எனக்கு அந்தச் சத்தம் கேக்கல."

"அதான் தெரியுமே. இல்லன்னுதானே சாதிச்சீங்க."

"அப்படியில்ல. இருக்கு. ஆனா எனக்குக் கேக்கல. எதுவுமே சரியாக் கேக்கல போலிருக்கு. எப்போலேர்ந்துன்னு தெரியல."

அவள் கையிலிருந்த துண்டு பாதி மடிப்பில் நின்றது. அவள் அழுவாள் என்று நினைத்தார். அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"அப்போ நீங்க என்மேல கோவமா இல்லையா?"

"நான் எதுக்குக் கோவப்படணும்? நீதானே என்மேல கோவமா இருந்த?"

"நானா? பேசினா பதிலே சொல்லாத மனுஷன்கிட்ட எத்தனை நாளைக்குப் பேசுறது? பொண்ணு போனதும் நான் வேண்டாதவளாப் போயிட்டேன்னு நினைச்சேன்."

"நீ வாய்க்குள்ளேயே முனகுறியேன்னு நான் நினைச்சேன்."

"நான் எப்பவும் பேசுற மாதிரிதாங்க பேசினேன்!"

இருவராலும் எந்தச் சண்டை நடந்தது, எது நடக்கவே இல்லை என்று பிரித்தெடுக்க முடியவில்லை. அவள்தான் முதலில் எழுந்தாள். மீதித் துணியை மடிக்காமல் அப்படியே அலமாரிக்குள் திணித்தாள்.

காது பரிசோதிக்கும் இடத்தில் ஒரு சின்னக் கண்ணாடி அறை. காதில் இரண்டு பக்கமும் கிண்ணம் போல எதையோ மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். ஒலி கேட்கும்போதெல்லாம் அழுத்த வேண்டும். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் பரிசோதிக்கும் பெண், அவள் பின்னால் மனைவி. ஆரம்பத்தில் சில ஒலிகள் நன்றாகவே கேட்டன. அழுத்தினார். பிறகு ஒன்றும் வரவில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் தோள் அசைந்தது, அழுத்தினார். அவள் கண் மேலே எழுந்தது, அழுத்தினார். அந்தப் பெண் கெட்டிக்காரி. கதவைத் திறந்து வந்து, அவர் நாற்காலியைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பிவைத்தாள்.

எதிரே வெள்ளைச் சுவர். இப்போது ஒலி வந்துகொண்டிருக்கிறதா, இன்னும் ஆரம்பிக்கவில்லையா, எல்லாம் முடிந்துவிட்டதா, ஒன்றும் தெரியவில்லை. கட்டைவிரலைப் பொத்தான்மேல் வைத்திருந்தார். ஒருமுறை சும்மா அழுத்திவிடலாமா என்று தோன்றியது. அழுத்தவில்லை. தோளில் கை வைத்து அந்தப் பெண் எழுப்பும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.

கீச்சென்று வரும் ஒலிகள் இரண்டு காதிலும் நிறையவே போய்விட்டன, கனத்த ஒலிகள் இருக்கின்றன என்று டாக்டர் சொன்னார். பேச்சில் பாதி எழுத்து விட்டுப்போவதும் அதனால்தான். காதுக்குப் பின்னால் மாட்டும் கருவி வந்தால் பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளலாம், வண்டியும் ஓட்டலாம். கருவி வரும்வரை சவாரி ஏற்ற வேண்டாம், பக்கத்தில் ஆளை வைத்துக்கொண்டு மெதுவாகப் போங்கள் என்றார். பல் டாக்டரம்மாவிடம் ஸ்டெடியே போனில் விஷயத்தைச் சொன்னார். பதில் முழுக்கப் புரியவில்லை. "காத்திருக்கேன்" என்ற ஒரு வார்த்தை மட்டும் தெளிவாக விழுந்தது.

சரியான ஆக்ஸில் வந்து இரண்டு பக்கமும் மாற்றியாயிற்று என்று மச்சினன் ஆள் அனுப்பிக் கூப்பிட்டான். மனைவியோடு ஷெட்டுக்குப் போனபோது, மச்சினன் அவருக்கு எதிரே வந்து நின்று, வாயைப் பெரிதாகத் திறந்து ஒவ்வொரு எழுத்தாகப் பேசினான்.

"டேய், காதுதான் போச்சு, அறிவு போகல. சாதாரணமாப் பேசு," என்றார். மூவரும் சிரித்தார்கள். அன்று கத்தியதற்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயெடுத்தார். மச்சினன் சாவியை அவர் கையில் திணித்துவிட்டு இன்னொரு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் அவளைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள். சத்தம் இல்லை. மிதித்தபோது இடுப்பில் உதறலும் இல்லை. இருந்தும் அவருக்கு நிம்மதி வரவில்லை.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். நான் பதில் சொல்லாமப் போனதுல... முக்கியமானது ஏதாவது உண்டா?"

 அவள் அவர் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

"ஒண்ணு உண்டு. பேக்கரிக்காரம்மா என்னை வேலைக்குக் கூப்பிட்டாங்க. கேக் மேல பேர் எழுதுற வேலை. என் கையெழுத்த எங்கேயோ பார்த்திருக்காங்க. அன்னிக்கு நீங்க வாசல்ல வண்டி துடைச்சிட்டிருந்தீங்க. பின்னாடி வந்து நின்னு, போகட்டுமான்னு கேட்டேன். நீங்க திரும்பவே இல்ல. துடைச்சிக்கிட்டே இருந்தீங்க. ரெண்டாவது தடவையும் கேட்டேன்."

"எனக்குக் கேக்கலம்மா."

"இப்போ தெரியுது. அன்னிக்கு, வேண்டாம்னு சொல்லக்கூட இவருக்கு மனசில்லைன்னு எடுத்துக்கிட்டேன். அந்தம்மாகிட்ட, வீட்டுல விடல, வரலன்னு சொல்லிட்டேன்."

அவர் வண்டியை ஓரங்கட்டினார். எங்கேயாவது நிறுத்த வேண்டும் போலிருந்தது.

"போயிருக்கலாமே. நான் என்ன சொல்லப் போறேன்?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?"



"இப்போ வேற ஆள் இருக்காங்களா?"

"ஒரு பையன் இருக்கான். பேரெல்லாம் ஒரு பக்கமா சரியுது. கடைசி எழுத்துக்கு இடமில்லாம ஓரத்துல நசுக்கி எழுதுறான். அந்தப் பக்கம் போறப்பல்லாம் கண்ணாடி வழியா பாத்துட்டுதான் வருவேன்."

அவர் வண்டியை எடுத்தார். வீட்டுக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் நேராகப் போய், கடைத்தெருவில் பேக்கரிக்கு எதிரே நிறுத்தி இன்ஜினை அணைத்தார். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் பேக்கரிக்காரம்மா யாருக்கோ ரொட்டியைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது.

மனைவி இறங்கவில்லை. கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டு, கடையைப் பார்த்தபடி ஏதோ சொன்னாள். அவருக்கு அவள் கன்னம் அசைவது மட்டும் தெரிந்தது. பழைய ஸ்டெடியாக இருந்தால் அதோடு விட்டிருப்பார்.

"இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லு. எனக்குக் கேக்கல."

அவள் திரும்பினாள்.

"பயமா இருக்குன்னேன்!" என்றாள். நடைபாதையில் போனவர்கள் நின்று திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக.

"எனக்கும்தான்," என்றார் அவர். இறங்கிச் சுற்றிவந்து அவள் பக்கத்துக் கதவைத் திறந்தார்.